அம்மணி சோலா பூரி தின்ற கதை

காணைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற அம்மணியைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "அதுவா? அது வாயில்லாப் பூச்சியாச்சே!" சொல்கிறவர்களுக்கு என்ன தெரியும்? மாதம் தவறாமல் விழுப்புரத்துக்கு பஸ் ஏறிப் போய், தலை பெரிசுக்கு உப்பிய ஒரு சோலா பூரியைத் துணுக்கு மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி வீட்டுக்கு வந்து ரசம் வைக்கிற பூச்சியை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

அம்மணிக்கு நாற்பத்தொன்பது வயது. புருஷன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அவளுக்கு எல்லாமே அண்ணன் கிருஷ்ணசாமிதான். கொத்தனார் வேலையில் பெரிய மேஸ்திரி. சும்மா சொல்லக்கூடாது, தங்கமான மனுஷன். தங்கைக்கு வீடு கட்டிக் கொடுத்தார், அவள் பையன் சந்தோஷைப் படிக்க வைத்து ஏசி மெக்கானிக் ஆக்கினார். ஆனால் அந்த வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம், டிவி எந்த மூலை, மாடு வாங்குவதா ஆடு வாங்குவதா என்பதெல்லாம் அவர் முடிவுதான். முடிவு செய்த பிறகு மரியாதைக்கு, "இன்னாம்மா, சரிதானே?" என்பார். இவள், "சரிண்ணா" என்பாள். சமையல்கட்டுச் சுவருக்குக் கத்தரிப்பூ நிறத்தில் பெயிண்ட் அடித்துவிட்டுக் கேட்டபோதும், "சரிண்ணா" என்றுதான் சொன்னாள். அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்து அவள் மனசுக்குள் எவ்வளவு திட்டியிருப்பாள் என்பது மேஸ்திரிக்குத் தெரியாது.

அவளாக முடிவு செய்த விஷயம் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான். அதுதான் சோலா பூரி.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏதோ கையெழுத்து வேலையாகக் கலெக்டர் ஆபீசுக்குப் போனாள். அதிகாரி மதியம் மூன்று மணிக்கு வருவார் என்றார்கள். பசி காதை அடைத்தது. ஜங்ஷன் பக்கம் ஒரு ஓட்டலில் ஏறி ஓரமாக உட்கார்ந்தாள். பக்கத்து மேசையில் ஒரு ஆள் முன்னால் பெரிய பந்து மாதிரி ஒன்று ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது. அது என்ன, எப்படிக் கேட்பது, ஒன்றும் தெரியவில்லை. போர்டில் "சென்னா பட்டூரா" என்று எழுதியிருந்தது. அதுதான் இது என்று அவளுக்கு யார் சொல்வது? வடநாட்டில் கடலைக் குழம்புக்கு ஒரு பேர், உப்பிய ரொட்டிக்கு ஒரு பேராம். நம்ம ஊருக்கு வந்ததும் இரண்டையும் சேர்த்துப் பிசைந்து "சோலா பூரி" என்று ஆக்கிவிட்டோம். நமக்கு என்ன, தட்டுக்கு வந்தால் சரி.

சர்வர் வந்தார். அவர் பேர் சீனுவாசன். "இன்னாம்மா வேணும்?"

அம்மணி விரலை நீட்டி, "அது" என்றாள்.

"அது அவருதும்மா."

"அவருது வேணாம். அதே மாதிரி எனக்கு ஒண்ணு."

வந்தது. அம்மணி ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே தொடுவது? தொட்டால் வெடிக்குமா? ஆட்காட்டி விரலால் உச்சியில் ஒரு குத்து குத்தினாள். புஸ்ஸென்று ஆவி முகத்தில் அடித்தது. அம்மணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. புருஷன் செத்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். கடலை மசாலாவைத் தொட்டு ஒரு வாய் வைத்தாள். வாரா வாரம் பிள்ளைகளுக்குக் கொண்டைக்கடலை வேக வைக்கிறவள் அவள். கடலையைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு, "அடப்பாவி, உனக்கு இப்படி ஒரு முகம் இருக்கா!" என்று கடலையிடமே கேட்டாள்.

அப்புறம் மாதம் ஒரு தடவை தவறியதே இல்லை. வருஷம் ஏற ஏற ஆள் தேர்ந்துவிட்டாள். போனதும் தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேனை நிறுத்தச் சொல்வாள். காற்று பட்டால் பூரி அமுங்கிவிடுமாம். "எண்ணெயில இருந்து எடுத்த கையோட ஜல்தியா வந்துடணும் சீனு. நடுவுல எவன்னா கூப்ட்டா திரும்பக்கூடப் பார்க்காதே" என்பாள். சீனுவாசனும் அந்தப் பூரியைத் தூக்கிக்கொண்டு, ஆம்புலன்சுக்கு வழி விடுகிற மாதிரி எல்லாரையும் ஒதுக்கிவிட்டு ஓடி வருவார். பக்கத்து மேசைக்காரர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஃபேனைப் போடுய்யா!" என்று கத்துவார்கள். அம்மணி தின்று முடிக்கும்வரை ஃபேன் சுற்றாது.

இது இன்னும் நடக்கிறது என்று அண்ணனுக்குத் தெரியாது. ஒரு தடவை அவரிடம் வேலை செய்கிற ஆள் ஒருவன் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்ல, "பொம்பள ஒண்டியா ஓட்டல்ல குந்திக்கினு துன்றதா? வீட்ல அடுப்பு இல்லியா?" என்று குதித்தார். அன்றிலிருந்து அம்மணி, "பேங்க்ல கேஒய்சி கேக்குறாங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தாள். வருஷத்துக்குப் பன்னிரண்டு கேஒய்சி. அந்த வங்கி தன் தங்கையை ஏன் இப்படிச் சந்தேகப்படுகிறது என்று கிருஷ்ணசாமி பல தடவை கோபப்பட்டிருக்கிறார்.

இந்த நிலைமையில்தான் சந்தோஷுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். திண்டிவனத்தில் ஒரு இடம் வந்தது. பெண் பேர் சூர்யகலா, மருந்துக் கடையில் வேலை. அப்பா அன்புச்செல்வன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஜாதகம் பொருந்தியது, போட்டோ கை மாறியது. போட்டோ மாறிய மூன்றாம் நாளே போன் நம்பரும் கை மாறிவிட்டது என்பது சந்தோஷுக்கும் சூர்யகலாவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரி மொட்டைமாடியில் பையன் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தால் பெற்றவளுக்குத் தெரியாதா?

ஒரு மாசத்துக்கு அப்புறம் பையனே வந்து காலடியில் உட்கார்ந்தான். "அம்மா, எனக்கு இந்தப் பொண்ணுதாம்மா. மாமா வேணாம்னு சொல்லிட்டா இன்னாம்மா பண்றது?"

அம்மணி அவன் தலையைக் கோதிவிட்டாள். மாமா வேணாம் என்று சொல்லிவிட்டால் இந்த வீட்டில் யாரும் ஒன்றும் பண்ணியதில்லை.

பெண்ணை ஓட்டலில் பார்ப்பது என்று கிருஷ்ணசாமி முடிவு செய்தார். "வூட்டுக்குப் போனா பேஜாரு. புடிக்கலன்னா எழுந்து வர்றது கஷ்டம். ஓட்டல்னா காப்பியக் குடிச்சிட்டு வந்துடலாம்." கிளம்புவதற்கு முந்தின நாள் தங்கையை உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். "காப்பியோட சரி. கை நனைச்சிடாதே. பொண்ணு வூட்டாரோட ஒரே மேசையில ஒரு வாய் சாப்ட்டுட்டா சம்மதம்னு ஆயிடும், அப்புறம் பேச்சுக்கே எடமில்ல. தெரியும் இல்ல?"

"தெரியும்ணா." அந்தப் பக்கத்தில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பேச்சு முடிகிறவரை பையன் வீட்டார் கை நனைப்பதில்லை.

"எனக்குப் புடிக்கலன்னா, 'வெயில் ஏறுது, கெளம்பலாம்'னு சொல்லுவேன். ஒடனே எழுந்துடணும். இன்னாம்மா, சரிதானே?"

"சரிண்ணா."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் காணையிலிருந்து விழுப்புரம், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் என்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஓட்டல். பெண் வீட்டார் முன்னாலேயே வந்து பெரிய மேசையாகப் பிடித்து வைத்திருந்தார்கள். அன்புச்செல்வன் நல்ல மனுஷன்தான். ஆனால் முப்பது வருஷமாக ஆட்டோ இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி, இப்போது இரைச்சல் இல்லாத இடத்திலும் அதே சத்தம்தான். "வாங்க! வாங்க! பஸ்ஸுல எடம் கெடைச்சுதா?" என்றதும் ஓட்டலில் பாதிப் பேர் திரும்பி, "கெடைச்சுது" என்று தலையாட்டினார்கள். அவர் மனைவி காந்திமதி, "மெதுவாப் பேசுங்க" என்று சைகை காட்டினாள். "நான் மெதுவாத்தானே பேசுறேன்!" என்று அவர் இன்னும் உரக்கக் கத்தினார்.

சூர்யகலா பட்டுப் புடவையில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். காப்பி வந்தது. கிருஷ்ணசாமி ஒரு வாய் குடித்துவிட்டு, "அந்த வாஷ்பேசின் பக்கம் டிஷ்யூ இருக்கு, எடுத்தாம்மா. சந்தோஷு, நீயும் போ. பொண்ணு ஒண்டியா போவுது பாரு" என்றார். வாஷ்பேசின் எட்டு அடி தூரத்தில் இருந்தது. எட்டு அடிக்கு எதற்குத் துணை? அம்மணிக்கு அப்போதே விளங்கிவிட்டது. அண்ணன் அளவெடுக்கிறார்! சுவரைக் கண்ணால் பார்த்தே கால் இன்ச்சு சாய்வைச் சொல்கிறவர் அவர். இரண்டு பேரும் கண்ணாடி முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். மேஸ்திரி ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு தங்கையின் காதில் குனிந்தார். "ரெண்டேகால் இன்ச்சு. பொண்ணு ஒசரம். செருப்பைக் கழிச்சிட்டே சொல்றேன்."

"இருந்துட்டுப் போவட்டுமேண்ணா" என்று அம்மணியின் நெஞ்சு வரை வந்தது. தொண்டைக்கு வரவில்லை.

"போட்டோ புடிச்சா மானம் போவும். இது சரிப்படாது" என்று முடித்துவிட்டார். அம்மணி பையனைப் பார்த்தாள். அவன் திரும்பி வந்து, டிஷ்யூவை மடித்து மடித்து எதிரில் உட்கார்ந்தவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பாவம், தன் கல்யாணம் ரெண்டேகால் இன்ச்சில் முறிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரியாது.

மூக்குக்கண்ணாடி போட்ட சர்வர் வந்து, "வேற இன்னா வேணும்?" என்று கேட்டார். எல்லாரும் காப்பித் தம்ளரையே பார்த்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் வழக்கம் தெரியும். யார் எதைக் கேட்டாலும் வம்பு. அன்புச்செல்வன்கூட அந்த நேரத்தில் சத்தமில்லாமல் இருந்தார்.

"எனக்கு ஒரு சோலா பூரி" என்றாள் சூர்யகலா.

காந்திமதி மேசைக்கு அடியில் மகளைக் கிள்ளியது மேசை ஆட்டத்தில் தெரிந்தது. "இன்னாடி இது? பொண்ணு பாக்க வந்த எடத்துல!"

"விடியக்காலம் அஞ்சு மணிக்கு எழுப்பி, புடவை கசங்கும்னு தண்ணிகூடக் குடுக்காம குந்த வச்சிருக்கீங்க. எனக்கு மயக்கம் வந்துகினு இருக்கும்மா" என்றாள் அவள். குனிந்த தலை இப்போதுதான் நிமிர்ந்தது. நல்ல முகம். கண்ணில் பசி அப்படியே தெரிந்தது.

கிருஷ்ணசாமி, "அடக்கமும் இல்ல" என்று முணுமுணுத்து, ரெண்டேகால் இன்ச்சோடு அதையும் சேர்த்துக்கொண்டார்.

பூரி வந்தது. திண்டிவனத்துப் பூரி விழுப்புரத்துப் பூரியைவிட ஒரு சுற்றுப் பெரிசு. மேலே பொன்னிறம், ஓரத்தில் மட்டும் லேசான சிவப்பு, பக்கத்தில் கடலை மசாலா, வெங்காயம், ஒரு துண்டு எலுமிச்சை. அம்மணி பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூக்கை எங்கே திருப்புவது? தலைக்கு மேலே ஃபேன் வேறு முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கண் தானாக ஃபேனுக்குப் போனது. இப்போதே அமுங்க ஆரம்பித்திருக்கும், இந்தப் பெண்ணுக்கு அது தெரியுமோ தெரியாதோ!

சூர்யகலா அவளைப் பார்த்தாள். ஒரு நொடி மேலே ஃபேனைப் பார்த்தாள். அப்புறம் தட்டைப் பிடித்து அப்படியே அம்மணி பக்கம் தள்ளினாள். "அத்தை, நீங்க மொதல்ல சாப்டுங்க. ஆறிடும். நான் வேற சொல்லிக்கிறேன்."

வயிற்றில் ஒன்றும் இல்லாமல், மயக்கம் வருகிறது என்று சொன்னவள், வந்த தட்டைத் தூக்கித் தள்ளுகிறாள். இருபது வருஷத்தில் அம்மணியைப் பார்த்து, நீங்க முதல்ல என்று யாரும் சொன்னதில்லை. எல்லாருக்கும் போட்டுவிட்டு அடியில் ஒட்டியதைச் சுரண்டிச் சாப்பிட்டே பழகியவள் அவள். கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு அவள் அண்ணனைப் பார்த்தாள்.

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வெயில் ஏறுது, கெளம்பலாம்" என்றார்.

சொல்லி முடிப்பதற்குள் அம்மணியின் ஆட்காட்டி விரல் பூரியின் உச்சியில் இறங்கிவிட்டது.

அவள் குத்தவில்லை என்று சத்தியம் செய்வாள். பன்னிரண்டு வருஷப் பழக்கம், தட்டு முன்னால் வந்தால் விரல் தானாகப் போகிறது. ஆவி புஸ்ஸென்று வந்தது. கிருஷ்ணசாமி எழுந்தவர் எழுந்தபடி நின்றார். விரல் பிய்த்தது, கடலையில் தோய்த்தது, வாய்க்குப் போயிற்று. வாயில் போட்டு மெல்லும்போதுதான் அம்மணிக்குப் புத்தி வந்தது. அய்யோ, என்ன காரியம் பண்ணிட்டேன்!

அப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. "தெரியாம வாயில போட்டுட்டேங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கலாம். எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும், பஸ் பிடித்து ஊருக்குப் போய்விடலாம், பையன் மொட்டைமாடியில் தனியாக உட்கார்ந்திருப்பான், அண்ணன் வேறு இடம் பார்த்து, "சரிதானே?" என்பார். அம்மணி எதிரில் மகனைப் பார்த்தாள். அவன் மூச்சுவிடாமல் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்தாள். தலை நிமிர்ந்து நிற்கும் அண்ணனைப் பார்த்தாள்.

முதல் வாய் பழக்க தோஷம். இரண்டாவது வாய் அப்படி இல்லை. அதை அவள் பெரிதாகப் பிய்த்து, நான்கு கடலை கூடுதலாக வைத்து, எல்லாரும் பார்க்க வாயில் போட்டாள்.

"ஆச்சு!" என்று கத்தினார் அன்புச்செல்வன். "சம்பந்தியம்மா கை நனைச்சிட்டாங்க! காந்திமதி, பாத்தியா, கை நனைச்சிட்டாங்க!" வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்களுக்குக்கூடச் செய்தி போய்விட்டது.

கிருஷ்ணசாமி உட்கார்ந்தார். முகம் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. "அதெப்டிங்க? நாங்க ஆர்டர் பண்ணவே இல்லியே. அது உங்க பொண்ணு ஆர்டர் பண்ணது."

"வூட்ல மட்டும் நீங்களா ஆர்டர் பண்ணுவீங்க? பொண்ணு கையால குடுத்துச்சு, அம்மா சாப்ட்டாங்க. வேற இன்னா வேணும்?"

"இது ஓட்டல். பொது எடம். செல்லாது."

"வயிறு பொதுவா?"

"யோவ், சாப்பாடு சாப்ட்டாத்தான் கை நனைச்ச கணக்கு. இது டிபன். டிபனுக்கெல்லாம் வழக்கம் கெடையாது!"

இதில் அன்புச்செல்வனே கொஞ்சம் தடுமாறினார். சோலா பூரி சாப்பாடா, டிபனா? முன்னோர்கள் இதைப் பற்றி ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை. பக்கத்து மேசையில் ஒருவர், "புரோட்டாவே சாப்பாடுதாங்க" என்று தன் கருத்தைச் சொன்னார். கடைசியில் சர்வரைக் கூப்பிட்டார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு யோசித்தார். "பன்னண்டு மணி வரைக்கும் டிபன் சார். அதுக்கு மேல சாப்பாடு டயம்."

எல்லாரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பன்னிரண்டு மணி அடித்து ஆறு நிமிஷம்.

"அது வேகமா ஓடுது!" என்றார் கிருஷ்ணசாமி.

"லேட்டா ஓடுது சார். பத்து நிமிஷம் லேட்டு."

மேஸ்திரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தணித்து, ரொம்பப் பக்குவமாக ஆரம்பித்தார். "இங்க பாருங்க. எங்க தங்கச்சி வெள்ளந்தி. காலையில கெளம்புன அவசரம், பசி. கண்ணு முன்னால கொண்டாந்து வச்சா யாருதான் எடுக்க மாட்டாங்க? பசிக்கு எடுத்து வாயில போட்டது சம்மதம் ஆயிடுமா? நீயே சொல்லும்மா. பசிக்குத்தானே சாப்ட்ட? சரிதானே?"

எல்லாரும் அம்மணியைப் பார்த்தார்கள். அண்ணன் கதவைத் திறந்து வைத்துவிட்டார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வெளியே போய்விடலாம். வழக்கமான அந்த ஒரே வார்த்தை. நாக்கு நுனிக்குக்கூட வந்துவிட்டது. சந்தோஷ் கண்ணை மூடிக்கொண்டான். அம்மாவின் பதில் அவனுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

அம்மணி வாயில் இருந்ததை மென்று முழுங்கினாள். தண்ணீர் குடித்தாள்.

"பசியே இல்லண்ணா" என்றாள். "காலையில ஏழு இட்லி சாப்ட்டுட்டுத்தான் வந்தேன்."

அம்மணி தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. கிருஷ்ணசாமி தங்கையையே பார்த்தார். இத்தனை வருஷமாகப் பக்கத்திலேயே இருந்த ஆளை, கண்ணைச் சுருக்காமல், அளவெடுக்காமல், சும்மா பார்த்தார்.

"ஏழா?" என்றார்.

"ஏழுண்ணா."

அவர் எதிரில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்தார். இன்னும் பட்டினியாக உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, காப்பித் தம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"அந்தப் பொண்ணுக்கு மொதல்ல ஒண்ணு எடுத்தாய்யா" என்று சர்வரிடம் சொன்னார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எனக்கும் ஒண்ணு" என்றார்.